குந்துசாமி குகையில் மூன்று நாள் வேலை

சபரிநாதனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைத் தொட்டாலும் விரல் நுனியால் அதன் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார். எவர்சில்வர் தட்டின் விளிம்பு, பஸ் சன்னல் கம்பி, கல்யாண மண்டபத்து நாற்காலியின் கைப்பிடி, எதுவானாலும் சரி. ஒரு பிசிறு தட்டுப்பட்டுவிட்டால் போச்சு, அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு வார்ப்புக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் அவர் பார்த்த வேலை அப்படி. அச்சிலிருந்து வெளியே வரும் இரும்புக்கு ஓரமெல்லாம் பிசிறு நீட்டிக்கொண்டு நிற்கும். அதைக் கையில் பிடிக்கிற கிரைண்டிங் மிஷினால் தேய்த்து வழவழப்பாக்கி அனுப்ப வேண்டும். மற்றவர்கள் கண்ணால் பார்த்துவிட்டு விட்டுவிடுவதை இவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் கண்டுபிடிப்பார். சூப்பர்வைசர்கள் மாறினார்கள், கம்பெனியின் பெயர்ப்பலகைகூட இரண்டு தடவை மாறியது. சபரிநாதன் தேய்த்த உருப்படி ஒன்றாவது குறையென்று திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அந்த மனிதரைப் பற்றித்தான் இப்போது ஊத்துக்கோட்டைப் பக்கம் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். சுத்த மடையன் என்கிறார்கள் சிலர். குவாரிக்காரனிடம் கை நீட்டிவிட்டான் என்று கூசாமல் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய்தானே வலிக்கப் போகிறது. நடந்தது நடந்தபடி தெரிந்தால் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். பேசினாலும் கொஞ்சம் மெதுவாகப் பேசுவார்கள்.

நாற்பத்தொன்பது வயதில் கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பியது. ஒப்பந்த ஆட்கள் கிடைத்துவிட்டார்கள், பழைய ஆட்கள் தேவைப்படவில்லை. ஊத்துக்கோட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது நிமிடம் தள்ளியிருக்கும் சொந்த ஊருக்கே திரும்பி வந்தார். அங்கே அவருக்கு ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை. இத்தனை வருடமும் மனைவி ஜோதிலட்சுமி ஒற்றை ஆளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்று விடுவதும் மடை திறப்பதும் அவளுக்கு அத்துப்படி. இவர் வந்த புதிதில் வரப்பு சீராக இல்லையென்று மண்வெட்டியால் செதுக்கிக்கொண்டிருப்பார். "அது இன்னா பாலிஷ் போட்ற ஐட்டமா? வரப்பு வரப்பாட்டம் இருந்தா போதும்" என்பாள் அவள்.

நிலம் இருந்தது குந்துசாமி குன்றின் அடிவாரத்தில். குன்றுக்கு அந்தப் பக்கம் முழுக்கக் காப்புக்காடு. காரையும் சூரையும் கொடிக்கள்ளியும் பின்னிக் கிடக்கும் முள்காடு. குன்று மட்டும் காட்டிலாகாவின் எல்லைக் கல்லுக்கு வெளியே, புறம்போக்கில் நின்றது. அதன் இடுக்குகளிலிருந்து கசியும் ஊற்றுத் தண்ணீர் அடிவாரத்தில் ஒரு குட்டையில் சேரும். ஏரி வெடித்துக் கிடக்கும் கோடையிலும் அந்தக் குட்டையில் மாடு குளிக்கலாம். சபரிநாதனுடைய நெல்லும், சுற்றியுள்ள பதினேழு குடும்பத்து நெல்லும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருந்தன.

குன்றின் பாதி உயரத்தில் ஒரு குகை. முள்ளை விலக்கிக்கொண்டு அரை மணி நேரம் ஏற வேண்டும். முகப்பில் மழைத் தண்ணீர் உள்ளே வழியாமலிருக்கப் பாறையிலேயே ஒரு விளிம்பு வெட்டியிருக்கும். உள்ளே ஆள் படுக்கிற நீளத்துக்கு மூன்று கல் மேடைகள், தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தி. வெளியே ஒரு செங்கல் மேடு. பெரிய பெரிய செங்கல். அதில் நல்லதையெல்லாம் முன்னோர்கள் பெயர்த்துக்கொண்டு போய் வீடு கட்டிவிட்டதால் மிச்சமிருப்பது தூள்தான். குகையின் பின்சுவரில் ஆளுயரப் பலகைக் கல் ஒன்று சாய்த்து வைத்திருக்கும். அதில் சம்மணம் போட்டு, மடியில் கைமேல் கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். சுருள் சுருளாகத் தலைமுடி, தோள் வரை தொங்கும் காது, மூக்கு மட்டும் உடைந்திருக்கும்.

அவர்தான் குந்துசாமி. எந்நேரமும் குந்தியிருப்பதால் அந்தப் பெயர். புத்தர் என்று பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் சொல்வார்கள்; அதை யாரும் மறுப்பதும் இல்லை, காதில் போட்டுக்கொள்வதும் இல்லை. அவரை நின்றுகொண்டு கும்பிடக் கூடாது, உட்கார்ந்துதான் கும்பிட வேண்டும். படையல் அவலும் வெல்லமும். ஆடு கோழி ஆகாது. பக்கத்து ஊர் அம்மனுக்குக் கிடாய் மேல் கிடாய் வெட்டுகிறவர்கள், இவரிடம் வந்தால் அவல் பொட்டலத்தோடு அடங்கிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் "அவுருக்கு ஆவாது" என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

ஊருக்குத் திரும்பியபின் சபரிநாதன் அடிக்கடி குகைக்குப் போக ஆரம்பித்தார். இரும்புத் தூள் குடித்த நெஞ்சுக்கு அந்தக் குளிர்ச்சி இதமாக இருந்தது. அங்கேயும் அவருக்கு ஒரு குறை கண்ணை உறுத்தியது. விளக்குப் புகை ஏறி ஏறி முகப்புச் சுவர் தார் பூசியதுபோல் கறுத்திருந்தது. அந்தக் கரியின்மேல், ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வருகிற கும்பல் ஆணியால் கிறுக்கி வைத்திருந்தது: அம்பு பாய்ந்த இதயம், காதலி பெயர், போன் நம்பர், நடிகருக்கு வாழ்த்து. சாமி குந்தியிருக்கிற இடத்தில் இந்த அசிங்கமா என்று அவருக்கு வயிறு எரியும். ஈரத் துணியால் துடைத்துப் பார்ப்பார். கரி கையில் வரும், கிறுக்கல் போகாது.

இப்படி இருக்கையில்தான் குவாரிச் செய்தி வந்தது. குன்றைக் கல் எடுக்கக் குத்தகைக்கு விடப் போகிறார்கள் என்று தாலுகா ஆபீஸ் சுவரில் தாள் ஒட்டியிருப்பதாக வார்டு உறுப்பினர் பாக்கியராஜ் வந்து சொன்னார். பாக்கியராஜ் ஜோதிலட்சுமிக்குத் தம்பி முறை. சபரிநாதனை மாமா என்பார்.

"வெடி வச்சா ஊத்து நிக்குமா மாமா? ஒரு வெடிக்கே தண்ணி வேற பக்கம் பூடும். அப்புறம் நம்ம நெலத்துல செங்கல் சூளதான் போடணும்."

மனு கொடுத்தார்கள். இரண்டு நாள் மறியல் செய்தார்கள். குட்டையின் தண்ணீர் குன்றிலிருந்துதான் வருகிறது என்பதற்கு ஆதாரம் கேட்டார் ஒரு அதிகாரி. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தண்ணீரிடமா எழுதி வாங்க முடியும்? சபரிநாதனுக்குத் தூக்கம் போனது. கம்பெனி வெளியே அனுப்பியபோது போக இந்த நிலம் இருந்தது. இதுவும் போனால் எங்கே போவது?

அந்தச் சமயத்தில் வந்தவர் பூமிகா. பொன்னேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். குகையைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு வந்தவர், சபரிநாதன் வழிகாட்ட ஏறினார். கல் படுக்கைகளை அளந்தார், செங்கல்லை அளந்தார், குந்துசாமி முன்னால் சபரிநாதனைப் பார்த்து அவரும் உட்கார்ந்தார். பிறகு முகப்பில் விளிம்புக்குக் கீழே கரிச்சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, செல்போனில் நாலைந்து படம் எடுத்தார். இன்னும் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இன்னா மேடம் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லண்ணா. பழைய எடம். ரொம்பப் பழசு" என்றார் பூமிகா. "தொல்லியல் ஆபீசர் ஒருத்தரக் கூட்டிட்டு வரேன். அவர் பாத்து, இது காப்பாத்த வேண்டிய எடம்னு எழுதிட்டார்னா இந்தக் குன்றுல ஒருத்தரும் வெடி வைக்க முடியாது."

ஊருக்கு உயிர் வந்தது. மூன்று வாரம் கழித்து பூமிகாவிடமிருந்து போன். வெள்ளிக்கிழமை காலையில் ஆபீசர் வருகிறார். "எடத்த கொஞ்சம் பாத்துக்குங்கண்ணா, வெளி ஆளுங்க யாரும் கை வைக்காம" என்றார். வெளி ஆட்கள் கை வைக்கவில்லை, அது உண்மை.

நம் பக்கத்தில் அதிகாரி வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்பது ஊரறிந்தது. கலெக்டர் வந்தால் குப்பை மேட்டின்மேல் பிளீச்சிங் பவுடர் தூவுவோம், சாக்கடை ஓரம் சுண்ணாம்புக் கோடு போடுவோம், பள்ளிக்கூடத்துச் சுவருக்கு ஒரே நாளில் வர்ணம் பூசுவோம். எத்தனை அழுக்கோ அத்தனை வெள்ளை. அதுதான் மரியாதை என்று நமக்கு யாரோ கற்றுக்கொடுத்துவிட்டார்கள். குந்துசாமி குகைக்கும் அதே மரியாதை நடந்தது. பெண்கள் பாதையில் முள் வெட்டினார்கள். பாக்கியராஜ் பந்தலும் மோரும் ஏற்பாடு செய்தார். சுவரைப் பார்த்ததும்தான் எல்லோர் முகமும் சுருங்கியது.

"இத்தப் பாத்தா ஆபீசரு இன்னா நெனப்பாரு? காப்பாத்துங்கன்றீங்க, நீங்களே இந்த லட்சணத்துல வச்சிக்கினு கீறீங்களேன்னு கேட்டா?" என்றார் பாக்கியராஜ்.

"அத்த எங்கிட்ட வுடு" என்றார் சபரிநாதன்.

ஊர் வேலைக்கு அவரால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். பேசத் தெரியாது, மனு எழுதத் தெரியாது, தேய்க்கத் தெரியும். கும்மிடிப்பூண்டிக்கு பஸ் ஏறிப் போய், கூட வேலை பார்த்த பீட்டரிடம் கிரைண்டிங் மிஷினைக் கேட்டு வாங்கினார். இரும்புக்குப் போடுகிற டிஸ்க் கல்லுக்கு ஆகாதென்று, சமையல் மேடைக்குக் கிரானைட் பதிக்கிறவர்கள் வைத்திருக்கும் வைர டிஸ்க்கும், முரடிலிருந்து நைஸ் வரை ஏழு பாலிஷ் பேடுகளும் தேடிப் பிடித்தார். பந்தல்காரரிடம் சின்ன ஜெனரேட்டர் வாங்கி நாலு பேர் தலைமாற்றித் தலைமாற்றிச் சுமந்து ஏற்றினார்கள். ஜோதிலட்சுமி மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்.

"ந்தா, அந்தம்மா கை வைக்காம பாத்துக்கோன்னு தானே சொல்லிச்சி?"

"வெளியாளு கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிச்சி. நானா வெளியாளு?"

செவ்வாய்க்கிழமை காலை ஆரம்பித்தார். முதலில் கம்பி பிரஷ்ஷால் கரியைச் சுரண்டினார். எத்தனை வருடத்துப் புகையோ, பாளம் பாளமாக விழுந்தது. கரி போனதும் கிறுக்கல்களின் முழு அழகும் தெரிந்தது. வலது கோடியிலிருந்து தேய்த்துக்கொண்டு வந்தார். இதயங்கள் போயின, போன் நம்பர்கள் போயின. மூக்கில் ஈரத் துண்டு, கண்ணில் கம்பெனிக் கண்ணாடி. சத்தமும் தூளும் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் திரும்பி வந்ததுபோல் இருந்தது. சொல்லக் கூடாது, அவருக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது.

புதன்கிழமை மதியம் விளிம்புக்கு நேர் கீழே வந்தார். அங்கே கரிக்கு அடியில் வேறு மாதிரி கோடுகள் இருந்தன. நேர் நேராக, மெல்லிசாக, சில இடத்தில் கொக்கிபோல் வளைந்து, ஒரே வரிசையில் இரண்டு முழ நீளத்துக்குப் போயின. மிஷினை நிறுத்திவிட்டு வழக்கம்போல் கண்ணை மூடி, வலது முனையிலிருந்து இடப்பக்கமாக விரலை ஓட்டிப் பார்த்தார். பைக் கும்பல் கீறிய கோட்டின் ஓரம் விரலைக் கிழிக்கும். இந்தக் கோடுகளின் ஓரத்தில் பிசிறே இல்லை. குழந்தையின் ஈறுபோல் மழமழவென்று இருந்தது. பாதி தூரம் வரை விரல் போயிற்று. அங்கே ஒரு நிமிடம் நின்றார்.

'இத்த எவனோ நல்லா செஞ்சிருக்கான்' என்று நினைத்தார். அந்த நினைப்பை அதற்கு மேல் கொண்டுபோகவில்லை. பொழுது சாய்வதற்குள் முரட்டு டிஸ்க் வேலையை முடித்தாக வேண்டும், அப்போதுதான் வியாழக்கிழமை ஏழு பேடும் போட முடியும். மிஷினைப் போட்டார். கால் மணி நேரத்தில் சுவர் ஒரே மட்டமானது.

வியாழக்கிழமை சாயங்காலம் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். கருங்கல் கண்ணாடியாக நின்றது. எதிரே முள்காடு அதில் பச்சையாகத் தெரிந்தது. முகப்பு நெடுக விரலை ஓட்டினார். எங்கேயும் தட்டவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சோறு தின்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. ஆபீசர் ஐம்பதை நெருங்கும் ஒல்லியான மனிதர், அதட்டல் மிரட்டல் இல்லாதவர். பந்தலில் மோர் குடித்துவிட்டு ஏறினார். பூமிகா முன்னால் வேகவேகமாகப் போனார். கையில் பெரிய காகிதச் சுருளும் மை டப்பாவும் இருந்தன. குகை முகப்புக்கு வந்ததும் அப்படியே நின்றார். காகிதச் சுருள் கையிலிருந்து நழுவிப் பாறைச் சரிவில் உருண்டது. அதை எடுக்க அவர் குனியவில்லை.

"எங்க?" என்றார். 

சபரிநாதன் பெருமையாகத்தான் நின்றுகொண்டிருந்தார். பாராட்டு வரப் போகிறது என்று அடக்கமாகத் தலையைக்கூடக் குனிந்துகொண்டார். பூமிகா சுவரருகே போய் இரண்டு உள்ளங்கையாலும் அதைத் தடவினார். பிறகு அங்கேயே உட்கார்ந்து, கூட்டம் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதார்.

ஆபீசர் டார்ச்சை அடித்து மேலும் கீழும் பார்த்தார். "இங்கதானே மேடம் எழுத்து இருந்ததுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். பூமிகா தலையாட்டினார்.

ஊருக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. விளிம்புக்குக் கீழே இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய எழுத்து ஒரு வரி இருந்திருக்கிறது. கரிக்கு அடியில் நிழலாகத்தான் தெரிந்தது, செல்போன் படத்திலும் கலங்கலாகத்தான் விழுந்தது. இன்றைக்கு மையொற்றிப் படி எடுப்பதற்காகத்தான் ஆபீசரே வந்தார்.

"யார் செஞ்சது இது?" என்றார் ஆபீசர்.

பாக்கியராஜ் முந்திக்கொண்டார். "டூரிஸ்ட்டு பசங்க சார். ஒரே பேஜாரு அவனுங்களால."

"டூரிஸ்ட் பசங்க ஜெனரேட்டர் தூக்கிட்டு வந்து பாலிஷ் போட்டாங்களா?"

ஜோதிலட்சுமி கணவரின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். அதைத் தட்டிவிட்டு முன்னால் வந்தார் சபரிநாதன்.

"நான்தான் சார். நீங்க வர்றீங்கன்னு... சுத்தமா இருக்கணும்னு."

ஆபீசர் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் ஒரு படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு பாடம் நடத்துகிறவர்போல் நிதானமாகச் சொன்னார்.

"சிலை அருமையான சிலை. ஆனா பலகைக் கல்லு. எங்கிருந்தோ கொண்டுவந்து வச்சதுன்னு எதிர்த்தரப்பு சொல்லும். மியூசியத்துக்கு எடுத்துட்டுப் போங்கன்னு உத்தரவு வரும், நானே எடுத்துட்டுப் போகணும். படுக்கைகள இயற்கையா அமைஞ்ச மேடைன்னு வாதாடுவாங்க. செங்கல் எல்லாம் உங்க வீடுகள்ல இருக்கு. பாறையிலயே வெட்டுன எழுத்த மட்டும்தான் எடுத்துட்டும் போக முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. இந்தக் குன்றக் காப்பாத்தறதுக்கு இருந்தது அது ஒண்ணுதான்."

சபரிநாதனின் விரல் தன்பாட்டுக்கு வேட்டியில் எதையோ வரைந்துகொண்டிருந்தது. "சார், பாதி எனக்குத் தெரியும் சார்" என்றார் திடீரென்று. "நான் தடவிப் பாத்தேன். சோத்தாங்கைப் பக்கத்துலருந்து பாதி வரைக்கும். பிசிறே இல்ல சார், பழசுன்னு வெரலு சொல்லிச்சி. நான்தான் கேக்கல."

அளவு குறிக்க பூமிகா வைத்திருந்த சாக்குக் கட்டியை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு, பளபளக்கும் சுவரில் வரையத் தொடங்கினார். ஒரு நேர்கோடு, அதன் குறுக்கே ஒன்று. ஒரு கொக்கி. திறந்த வாய்போல் ஒரு வளைவு. ஆறு குறிகள் வந்தன. ஏழாவதில் கை நின்றுவிட்டது. அங்கேதான் அவர் மிஷினைப் போட்டது.

பூமிகா எழுந்து வந்து பார்த்தார். உதடு அசைந்தது.

"கொடுத்தவன்னு முடியுதுண்ணா. இந்த இடத்த வெட்டிக் கொடுத்தவன்னு. அதுக்கு முன்னாடி பேரு இருந்திருக்கும்."

"பேரு?"

"அது இந்தப் பக்கம். நீங்க தொடாத பக்கம்."

ஆபீசர் சாக்குக் கோடுகளைப் படம் எடுத்துக்கொண்டார். "நீங்க சொல்றத நான் முழுசா நம்பறேன்" என்றார். "ஆனா நம்பறத ரிப்போர்ட்ல எழுத முடியாது. நாளைக்கு எழுத்தக் காட்டுன்னு கேட்டா உங்க விரலையா காட்ட முடியும்?" சபரிநாதன்மேல் வழக்குப் போடச் சொல்லப் போவதில்லை என்று மட்டும் இறங்கும்போது சொல்லிவிட்டுப் போனார்.

ஜோதிலட்சுமி பூமிகாவை விடவில்லை. அடிவாரத்தில் வழிமறித்துக்கொண்டாள்.

"எழுத்து கீதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மேடம்? சொல்லியிருந்தா இந்த மனுசன் ராப்பகலா அங்கியே காவலுக்குப் படுத்திருப்பாரே."

பூமிகா தரையைப் பார்த்தார். "வேற ஒரு ஊர்ல சொன்னேன்க்கா. எழுத்து இருந்தா புதையல் இருக்கும்னு பத்தே நாள்ல கடப்பாறையால பேத்துட்டாங்க. அந்தப் பயத்துல..."

"எங்களையும் அந்த ஊருக்காரங்கன்னு நெனச்சிக்கினீங்க."

"ஆமாக்கா. தப்புதான்."

ஜோதிலட்சுமி வழியை விட்டு விலகி நின்றாள். அழுகிற பெண்ணை என்ன கேட்பது.

புரட்டாசியில் குந்துசாமியை எடுத்துக்கொண்டு போனார்கள். வைக்கோல் பரப்பிய மினி லாரியில் படுக்க வைத்து, மேலே கயிறு போட்டுக் கட்டினார்கள். அவர் படுத்து யாரும் பார்த்ததில்லை. ஊரே ரோட்டோரம் உட்கார்ந்து கும்பிட்டது. சபரிநாதன் வரவில்லை. வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். களையோடு பயிரையும் பிடுங்கிக்கொண்டிருந்ததை மறுநாள்தான் ஜோதிலட்சுமி பார்த்தாள். ஊரில் யாரும் அவரை நேரில் ஒரு வார்த்தை திட்டவில்லை. டீக்கடையில் அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். திட்டியிருந்தால் அவருக்கு ஆறியிருக்கும் என்று எனக்குப் படுகிறது. தனியாக இருக்கும்போது அந்த விரலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருப்பார். 'நீ சொன்னியே, நீ சொன்னியே' என்று முணுமுணுப்பார். ஜோதிலட்சுமி கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிடுவாள்.

ஐப்பசியில் குத்தகை உத்தரவு வந்தது. அதில் ஒரு வரியை பாக்கியராஜ் படித்துக் காட்டினார்: குகை முகப்பு அண்மையில் இயந்திரம் கொண்டு மெருகேற்றப்பட்டுள்ளது, பழமைக்கான சான்று எதுவும் காணப்படவில்லை. படித்துவிட்டு, படித்திருக்கக் கூடாதோ என்று தாளை மடித்து வைத்துக்கொண்டார். "கோர்ட்டுக்குப் போலாம் மாமா" என்றார். எதை வைத்துப் போவது என்று இருவருக்குமே தெரியவில்லை.

கார்த்திகை முதல் வாரத்தில் குவாரி மேனேஜர் மோகன்ராஜ் வந்தார். வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ், நல்லபடியாகப் பேசுகிற ஆள்தான். வயலில் நின்ற சபரிநாதனைப் பார்த்து, "பெரியவரே, குகைக்கு எந்தப் பக்கம் ஏறணும்?" என்று கேட்டார்.

"அவுரு வர மாட்டாரு" என்றாள் ஜோதிலட்சுமி.

சபரிநாதன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு முன்னால் நடந்தார். குன்றை வெட்டுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் அங்கே போகவே இல்லை. ஜோதிலட்சுமி முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

குந்துசாமி இருந்த இடம் காலியாகக் கிடந்தது. சாக்குக் கோடுகளை ஐப்பசி மழைச் சாரல் அழித்திருந்தது. மோகன்ராஜ் முகப்புச் சுவரைப் பார்த்ததும் கூலிங் கிளாஸைக் கழற்றினார். கிட்டே போய்த் தடவினார். தன் முகம் அதில் தெரிவதைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். உடனே போனை எடுத்தார்.

"அண்ணே, நாம ஜல்லிக்குன்னு நெனச்சினு இருந்தோம். இது பாலிஷ் எடுக்குதுண்ணே! கண்ணாடி மாதிரி நிக்கிது. ஜல்லி அடிச்சா பாவம், ஸ்லாப் ஸ்லாப்பா அறுத்தே எடுக்கலாம். போட்டோ அனுப்பறேன் பாருங்க. குன்ற ரெண்டு பக்கமும் முழுசா எடுத்துடுவோம்."

போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினார். "யாரு பெரியவரே இந்த ஃபினிஷிங் போட்டது? மெட்ராஸ் ஆளா?"

ஜோதிலட்சுமி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சபரிநாதன் அவளைப் பார்க்கவில்லை.

"நான்தான்."

"நீங்களா! எவ்ளோ நாள் ஆச்சு?"

"மூணு நாள்."

"மூணே நாளா? எத்தினி பேரு?"

"ஒரு ஆளு."

மோகன்ராஜ் நம்ப முடியாமல் மறுபடி சுவர் நெடுக உள்ளங்கையை ஓட்டினார். எங்கேயும் தட்டவில்லை. "பிசிறே இல்லையே பெரியவரே! எத்தனையோ ஃபேக்டரி பாத்துட்டேன், இந்த மாதிரி கை வேலை பாத்ததே இல்ல. நீங்க நம்மகிட்ட வேலைக்கு வந்துடுங்க" என்று அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். பொய்க்குச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னார்.

மாடாக உழைத்து சபரிநாதன் செய்த அந்த மூன்று நாள் வேலையை அதுவரை ஒருத்தரும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. சொன்ன முதல் ஆள் அவர்தான்.